ஜன்னலோரத்தில் வெளுத்த சிவப்பு

சுனாமி வந்து போன ஏழாவது வருடம், மாசி மாதம். போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டில் இருந்த ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் நான் திட்ட உதவியாளராக இருந்தேன். தற்காலிக வேலைதான். ஆனாலும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது.

எங்கள் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா மீன் வாங்க ஜெட்டிப் பக்கம் இறங்கிப் போனார். எங்கள் லைன் வீடு மேட்டில் இருந்ததால் அம்மாவும் நானும் பிழைத்தோம். அப்புறம் நாங்கள் கச்சாலுக்குத் திரும்பவில்லை. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினோம். அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். நான் இங்கேயே பி.எஸ்ஸி. முடித்தேன். ஒன்றை மட்டும் யாரிடமும் அதிகம் சொல்வதில்லை: அன்றைக்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததே இல்லை. நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் அப்படி வாழ்வது சுலபமில்லை, ஆனால் பழகிவிட்டேன்.

எங்கள் திட்டத்தை நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விஞ்ஞானி மேடம். வேலை என்னவென்றால், ரத்த அணுக்களை எண்ணுகிற ஒரு மெஷின் உண்டு. அதில் அணுக்கள் ஒவ்வொன்றாக வரிசையில் போய் லேசர் ஒளியைக் கடக்கும். எந்த வகை அணுவை எண்ண வேண்டுமோ அதன்மேல் மட்டும் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒளிரும் சாயம் ஒன்றைக் கலந்துவிடுவார்கள். லேசர் பட்டதும் அது மின்னும், மெஷின் எண்ணிக்கொள்ளும். எச்.ஐ.வி. வந்தவர்களுக்கு மருந்தை எப்போது ஆரம்பிப்பது என்று முடிவு செய்ய அந்த எண்ணிக்கை வேண்டும்.

ஊரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் அந்த மெஷின் இருந்தது. சாயம் மட்டும் வெளிநாட்டிலிருந்து மெயின்லேண்ட் வந்து, அங்கிருந்து ஐஸ் பெட்டியில் இங்கே வர வேண்டும். வந்து சேர்ந்த பிறகும் அடிக்கடி கெட்டுப்போனது. கரண்ட் போய்ப் போய் வருவதால் ஃபிரிட்ஜில் சூடாகிக் கெடுகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு முறை மேடம் கொடுத்த கவரோடு அந்த நிலையத்துக்குப் போயிருந்தேன். ரொம்பத் தூரத்தில் இருக்கிற ரங்கத் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவையாக ரத்தம் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். முதல் இரண்டு தடவையும் முடிவு வரவில்லையாம். கோபப்படக்கூட இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார். அந்தக் கை எனக்கு ரொம்ப நாள் மனதிலேயே நின்றது.

மேடத்தின் யோசனை இதுதான். அந்த மெஷினில் பயன்படும் மிகப் பிரகாசமான சாயங்களில் ஒன்று சிவப்புக் கடல்பாசியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதன் பெயர் ஃபைகோஎரித்ரின், ஒரு வகைப் புரதம். நம் கரையிலேயே பாசி இருக்கும்போது இங்கேயே ஏன் செய்து பார்க்கக் கூடாது? அதோடு, கரண்ட் போனாலும் சில நாள் தாங்குகிற சாயமாக அது இருக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பாசியை அரைத்து, வேகமாகச் சுழலும் கருவியில் சுற்றி வடித்து, உப்பில் படியவைத்து, கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி எடுத்தால் வருவது கலப்படமான சிவப்பு. அதன் தூய்மையை ஓர் எண்ணால் அளப்போம். மெஷினுக்குப் போக வேண்டுமானால் அந்த எண் நான்கைத் தாண்ட வேண்டும். முதல் வருடம் எங்களுக்கு ஒன்றுக்குமேல் வரவில்லை. இரண்டாம் வருடம் இரண்டரை. மூன்றாம் வருடம் மூன்றரையில் வந்து நின்றுவிட்டது. திட்டம் முடிய மூன்றே மாதம் பாக்கி. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம் தங்கள் மெஷினை எங்களுக்கு இரண்டு நாள் தர ஒப்புக்கொண்டிருந்தது. அதைத் தவறவிட்டால் மறுபடி கேட்க முடியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த எண் 4.2 என்று வந்தது.

மேடம் கூட்டத்துக்காக டெல்லி போயிருந்தார். எங்களோடு வேலை செய்த ஆய்வு மாணவர் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான். நம்ப முடியாமல் இன்னும் இரண்டு தரம் அளந்து பார்த்தேன். அதேதான். நோட்டில் எழுதிவிட்டு மேடத்துக்கு போன் போட்டேன். அவர் சிரித்தது கேட்டது. எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. பூட்டிவிட்டு, அபர்டீன் பஜாரில் இறங்கி, அம்மாவுக்குப் பிடித்த ஜிலேபி வாங்கிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் பார்த்தேன். பாட்டில் ஃபிரிட்ஜில் இல்லை. அளந்த இடத்திலேயே, கிழக்குப் பார்த்த ஜன்னலோர மேஜையில் நின்றுகொண்டிருந்தது. இங்கே ஆறு மணிக்கு முன்னாலேயே சூரியன் வந்துவிடும். சனிக்கிழமை மீதிப் பகல், ஞாயிறு முழுவதும், திங்கள் காலை. ரோஜா நிறத்தில் தகதகத்துக்கொண்டிருந்த சாயம், காவித் துணி அலசிய தண்ணீர் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. சோதனை விளக்கில் காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டியது, ஒன்றுமே இல்லை. ஒரு சீசன் பாசி முழுவதும் அந்த ஒரு பாட்டிலில்தான் இருந்தது.

நான் அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். லேப் அட்டெண்டர், ஐம்பது வயதுக்காரர், டிக்லிபூர் பக்கத்து வங்காளி, வந்து பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மெல்லச் சொன்னார்:

"பேட்டி, லைட் கயா தா போல் தோ. கரண்ட் போச்சுன்னு சொல்லிடு மகளே. ஞாயித்துக்கிழமை நிஜமாவே கரண்ட் போச்சே. ஃபிரிட்ஜ் நின்னுடுச்சுன்னு சொல்லு. யார் கேக்கப் போறாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் வேலை போய்விடக் கூடாது என்று சொன்னார். எனக்கும் அது பிடித்த மாதிரிதான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நோட்டைத் திறந்து எழுதியும்விட்டேன்: 'ஞாயிறு மின்தடை காரணமாகக் குளிர்சாதனப் பெட்டி நின்று, மாதிரி கெட்டுப்போனது.' கையெழுத்துக்கூட அழகாக வந்தது.

பேனாவை மூடும்போது அலமாரியில் இருந்த கறுப்புப் பெட்டி கண்ணில் பட்டது. அதற்குள் எங்கள் முந்தைய சாயத்தில் கொஞ்சம் கொஞ்சம் சின்னக் குழாய்களில் ஊற்றி, ஃபிரிட்ஜுக்கு வெளியே, வெயில் படாமல் வைத்திருந்தோம். கரண்ட் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க மேடம் வைத்த சோதனை. அன்றைக்குப் பதினோராவது நாள். ஒரு குழாயை எடுத்து விளக்கில் காட்டினேன். ஆரஞ்சாக எரிந்தது.

அப்போதுதான் நான் எழுதியது என்ன என்று உறைத்தது. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய அந்த வரியை மேடம் ஒரு சோதனை முடிவாகத்தான் படிப்பார். ஒரு நாள் கரண்ட் போனதற்கே நம் சாயம் செத்துவிட்டது என்று நினைப்பார். பெட்டியிலிருந்த குழாய்களையே சந்தேகப்படுவார். மூன்று வருடமாக அவர் எதை நிரூபிக்கப் போராடினாரோ அதை என் ஒரு வரி பொய்யாக்கிவிடும். என் தப்பு ஒரு பாட்டிலோடு போகாது, அறிக்கை வரைக்கும் போகும்.

அந்த வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். எங்கள் வழக்கப்படி எதையும் கிறுக்கி மறைக்கக் கூடாது, அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். கீழே நடந்ததை எழுதினேன். பிறகு மேடத்துக்கு போன் செய்தேன்.

"மேடம், என்னால ஒரு தப்பு நடந்துபோச்சு."

நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"முழு பாட்டிலுமா?"

"முழுசும் மேடம். முதல்ல கரண்ட்டு மேல பழி போட்டு எழுதிட்டேன். அப்புறம் அடிச்சிட்டேன். நோட்டுல அதுவும் இருக்கு."

"எத்தனை மணிக்கு வெளியே எடுத்தே? ஜன்னல்லேருந்து எவ்வளவு தூரம்? மூடி போட்டிருந்துச்சா? எல்லாத்தையும் எழுது. அந்த பாட்டிலைக் கீழே ஊத்திடாதே, அளந்து வை. உன்னைத் திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன்." மூச்சு விடுவது கேட்டது. "சென்னைக்காரங்க கொடுத்த தேதி மாறாது. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. பௌர்ணமி என்னிக்கு?"

"வியாழக்கிழமை."

"அப்போ வியாழன், வெள்ளி நல்ல பாட்டா இருக்கும். அதை விட்டா நமக்கு நேரமில்லை. ஆனா நான் திங்கட்கிழமைதான் வருவேன். பாசி யார் எடுப்பா?"

கடல் நீர் நன்றாக வற்றுகிற நேரத்தை இங்கே எல்லோரும் பாட்டா என்றுதான் சொல்வோம். இதுவரை பாசி எடுக்கப் போன ஒவ்வொரு முறையும் மேடமும் மாணவரும் தண்ணீரில் இறங்குவார்கள். நான் பக்கெட்டோடு கரையில் நிற்பேன். ஏன் என்று மேடத்துக்குத் தெரியும். ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

"நானே எடுக்கறேன் மேடம்," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அம்மாவிடம் புதன்கிழமைதான் சொன்னேன். தடுப்பாள் என்று நினைத்தேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "வெறுங்கால்ல எறங்காத. பழைய சப்பாத்து கெடக்கு, அதப் போட்டுக்க. பாற கிழிச்சிரும்," என்றாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்பதை மறுநாள் சட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, சிடியாடாப்பு போகிற வழியில் இருக்கிற ஒரு பாறைக் கரைக்கு அட்டெண்டரும் நானும் போய்ச் சேர்ந்தோம். அவருக்கு முழங்கால் வலி, இறங்க முடியாது. கரையில் பக்கெட்டுகளோடு உட்கார்ந்தார். சுனாமியில் இந்தப் பக்கத்து நிலம் தாழ்ந்துபோனதால், முன்பு கணுக்கால் தண்ணீரில் கிடந்த பாறைகள் இப்போது நன்றாக வற்றினாலும் இடுப்பளவு ஆழத்தில்தான் இருந்தன. மாணவர் குறித்துக் கொடுத்த இடம் தெரிந்தது. முப்பது அடி தூரம் இருக்கும்.

முழங்கால் வரை போனேன். அதற்குமேல் கால் நகரவில்லை. பெரிய அலைகூட இல்லை. தண்ணீர் பின்னால் இழுக்கிறபோது காலடியில் மணல் கரைகிறதே, அது ஒன்றே போதும், உடம்பு முழுவதும் கல்லாகிவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. கரையிலிருந்து அட்டெண்டர், "சோட் தோ பேட்டி, விட்டுட்டு வந்துடு," என்று கூப்பிட்டார். திரும்பிப் போகவும் முடியவில்லை.

பாறைகளுக்கு நடுவே ஒரு பெண் இரும்புக் கொக்கியால் சிப்பியும் கணவாயும் தேடிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். ஜங்லிகாட் பகுதி மீனவர் குடும்பம், வீட்டில் தெலுங்கு. எங்களுக்குள் தீவு ஹிந்திதான், அதில் அக்காவுக்கு தீதி. நான் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"என்ன தேடறே?"

"சிவப்புப் பாசி, தீதி."

"அதுக்கு இங்க நின்னா? அது வெளிச்சத்துல இருக்காது. பாறைக்கு அடியில, நிழல்ல இருக்கும். உள்ள வரணும்."

என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். இந்தத் தீவுகளில் அந்த வருடங்களில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்ட கேள்வியைக் கேட்டார்.

"உனக்கு யார் போனாங்க?"

"அப்பா."

"எனக்கு வீடும் டோங்கிப் படகும்தான் போச்சு," என்றார், ஏதோ தனக்குக் குறைவாகப் போனதற்கு மன்னிப்புக் கேட்பது போல. பிறகு கொக்கியின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினார். "இதைப் பிடி. கடலைப் பாக்காதே, என் முதுகைப் பாரு. நான் உனக்குக் கடல் பக்கமா நடக்கறேன். அலை வந்தா முதல்ல என் மேலதான் படும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடந்தேன். தொடை, இடுப்பு. அலை வந்தது. உண்மையிலேயே அவர் முதுகில் மோதி உடைந்து, என்னிடம் வரும்போது பாதியாகியிருந்தது. பாறையைத் தொட்டதும் கையை அடியில் விடச் சொன்னார். விரலில் வழுவழுவென்று கொத்தாக ஏதோ பட்டது. பிய்த்து மேலே எடுத்தேன். கரும் சிவப்பு. எத்தனையோ கிலோவை அரைத்திருக்கிறேன், அது வளர்ந்த இடத்தில் அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன்.

வேரோடு பிடுங்காமல் மேல்கொத்தை மட்டும் பிய்த்துப் பையில் போட்டேன். தண்ணீர் ஏறத் தொடங்குகிற வரை அவர் நகரவே இல்லை. அவருடைய கூடை அன்று பாதிகூட நிறையவில்லை. இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். ரத்தத்தில் இருக்கிற அணுக்களை எண்ணுவதற்கு என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். "பாசியை வச்சா?" என்று சிரித்தார். மறுநாள் வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்கு அங்கே இருந்தார். அன்று கொக்கியை நீட்டினார், நான் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே நடந்தேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடு நடக்க முடிந்தது.

இரண்டு பக்கெட் நிறையப் பாசியோடு வேலையைத் தொடங்கினேன். முதலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டினேன். பாட்டில், குழாய், புனல் எல்லாவற்றிலும் அலுமினியத் தாள் சுற்றினேன். மேடம் திங்கட்கிழமை வந்தவர், பையைக்கூட வைக்காமல் வெளுத்துப்போன பாட்டிலையும் நோட்டையும்தான் முதலில் கேட்டார். அடித்த வரியையும் அதன் கீழே எழுதியதையும் படித்தார். "திட்டறேன்னு சொன்னேன் இல்ல?" என்றார். "நேரமில்லை. குழாயைக் கழுவு."

முதல் தடவை 2.9 வந்தது. மறுபடி உப்பில் படியவைத்து இறக்கினோம். 3.6. சனிக்கிழமை வந்த அந்த 4.2 ஒருவேளை தற்செயலோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மேடம் ஒவ்வொரு சொட்டையும் தனித்தனிக் குழாயில் பிடிக்கச் சொன்னார். அறுபது குழாய். நடுவில் இருந்த ஒன்பதை மட்டும் சேர்த்தோம். அளவு குறைந்துபோனது. முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எண் 4.1. கிளம்ப இரண்டு நாள் இருந்தது. மேடம் என் பெயருக்கும் ஒரு டிக்கெட் போடச் சொன்னார்.

சென்னையில் அந்தச் சாயத்தை அணுக்களில் ஒட்டும் புரதத்தோடு இணைக்கவே ஒரு நாள் ஆனது. இரண்டாம் நாள் மெஷின் முன்னால் நின்றோம். அதை இயக்கிய பெண் முதலில் வெளிநாட்டுச் சாயம் போட்ட ரத்தத்தை ஓடவிட்டார். திரையில் புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன, ஒளிர்பவை ஒரு பக்கம், ஒளிராதவை ஒரு பக்கம். பிறகு எங்களுடையது. கொஞ்ச நேரம் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தது. அந்தப் பெண் ஏதோ ஒரு அளவைத் திருப்பினார். குவியலிலிருந்து ஒரு கூட்டம் மெல்ல விலகித் தனியாகப் போய் நின்றது. வெளிநாட்டுச் சாயத்தின் அளவுக்குப் பிரகாசம் இல்லை. ஆனால் எண்ண முடிந்தது. இரண்டு எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மேடம் என் கையைப் பிடித்தார். அவர் கை ஐஸாக இருந்தது.

எங்கள் சாயம் இன்றைக்கு எந்தக் கடையிலும் இல்லை. ஒரு சின்ன ஆய்வுக்கூடம் செய்கிற அளவு எந்த ஊருக்கும் போதாது, திட்டத்தை நீட்டித்தும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் மேடம், நான் ஜன்னலோரத்தில் வெளுக்கவிட்ட பாட்டிலை மனதில் வைத்து வேறொன்று செய்தார். பரிசோதனை நிலையத்தின் வெளிநாட்டுச் சாயத்தையே கொஞ்சம் வாங்கி, பாதியை இருட்டில் ஃபிரிட்ஜுக்கு வெளியேயும், பாதியை ஜன்னலோரத்திலும் வைத்துப் பார்த்தார். இருட்டில் வைத்தது நாலைந்து நாள் கழித்தும் வேலை செய்தது. ஜன்னலோரத்தில் வைத்தது அன்றே மங்கியது. இவ்வளவு நாள் கெட்டுப்போனதற்குக் காரணம் கரண்ட் இல்லை, வேலை நடக்கிறபோது மேஜையில் விழுந்த வெளிச்சம். மேஜையை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டு, பாட்டில்களுக்குக் கறுப்புத் தாள் சுற்றினார்கள். அதற்கப்புறம் அங்கே யாரையும் மறுபடி வந்து ரத்தம் கொடு என்று சொல்வது அபூர்வமாகிவிட்டதாக அங்கு வேலை பார்த்தவர் ஒருநாள் பஜாரில் என்னிடம் சொன்னார்.

அந்தத் தெலுங்கு தீதியிடம் இதைச் சொல்ல மூன்று பௌர்ணமி அந்தக் கரைக்குப் போனேன். மூன்றாவது முறை பார்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ நீ மறந்ததுதான் நல்லதா?" என்றார். இல்லை என்றுதான் நினைக்கிறேன். மறந்தது மறந்ததுதான், அதனால் போன பாசியும் உழைப்பும் போனதுதான். ஆனால் மூன்று வருட உழைப்பில் என் ஊருக்கு உடனே பயன்பட்டது நான் மறைக்கப் பார்த்த அந்த ஒரு விஷயம்தான் என்று நினைக்கும்போதெல்லாம், கொஞ்சம் வெட்கமும் அதைவிடக் கூடுதலாகத் தைரியமும் எனக்கு இன்றும் வருகிறது.